எத்தனை கதிரை என்பதைக் காற்று சொல்லட்டும்

கொரோனாக் காலத்தில் நமது சாப்பாட்டுக் கடைகள் எதற்கெல்லாம் காசு செலவழித்தன என்று கணக்குப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். வாசலில் காலால் மிதித்துக் கை கழுவும் தொட்டி, நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி, பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதுகிற கொப்பி, தொற்றுநீக்கிப் போத்தல், நிலத்தில் ஒட்டிய ஒரு மீற்றர் அடையாளம், காசு மேசைக்கு முன்னால் தொங்கவிட்ட பிளாஸ்டிக் திரை. திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டித் திரியாய், புல்மோட்டை வரை போகிற வீதியிலும் சரி, கொழும்பிலும் சரி, இதே சாமான்கள்தான். கையைக் கழுவ வைத்தார்கள், நெற்றியைப் பார்த்தார்கள், நிலத்தை அளந்தார்கள். உள்ளே இருந்து சாப்பிடுகிறவர் இழுக்கும் மூச்சு எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. நோயோ பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வந்தது. அடுத்த பெருந்தொற்று வருமுன் நமது உணவகங்களைப் பாதுகாப்பானவையாக்க வேண்டுமென்றால், முதலில் மாற வேண்டியது இந்தக் கணக்குமுறை. ஒரு கடைக்குள் எத்தனை கதிரை போடலாம் என்பதை அந்தக் கடைக்குள் வந்துபோகும் காற்றை வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

இதற்கான சான்று பெருந்தொற்றின் முதல் மாதத்திலேயே கிடைத்துவிட்டது, அதுவும் ஓர் உணவகத்திலிருந்தே. 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள். குவாங்சோ நகரில் ஐந்து மாடி உணவகம் ஒன்றின் மூன்றாம் மாடியில் மூன்று குடும்பங்கள் அடுத்தடுத்த மேசைகளில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தன. ஒரு குடும்பம் முதல் நாள்தான் வூகானிலிருந்து வந்திருந்தது. மேசைகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு மீற்றர் இடைவெளி. மாடிக்குச் சன்னல் கிடையாது; ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெப்ரவரி 5ஆம் திகதிக்குள் மூன்று குடும்பங்களிலுமாகப் பத்துப் பேருக்குத் தொற்று. வூகான் குடும்பம் இருந்த அதே நேரத்தில் ஒரு பக்கத்து மேசைக்காரர் அங்கிருந்தது 53 நிமிடம், மறுபக்கத்து மேசைக்காரர் 73 நிமிடம். அதே மாடியில் சாப்பிட்ட மற்ற 73 பேருக்கும், எட்டு ஊழியருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னர் ஹொங்கொங் பல்கலைக்கழகத்தின் யுகுவோ லீயும் அவரது குழுவினரும் அந்த மாடியில் வாயுவைப் பரவவிட்டு அளந்து பார்த்தார்கள். ஏசி அந்த மூன்று மேசைகளையும் சுற்றி ஒரே காற்றைத் திரும்பத் திரும்பச் சுழற்றியது தெரிந்தது. ஓர் ஆளுக்குச் செக்கனுக்குக் கிடைத்த புதுக் காற்று ஒரு லீற்றர் அளவே. சுவரில் காற்றை வெளியேற்றும் விசிறிகள் இருந்திருக்கின்றன. அன்று அவை நிறுத்தி மூடப்பட்டிருந்தன. ஆட்கள் இருந்தார்கள், விசிறி இருந்தது, சுவிட்சைப் போட ஒருவரும் நினைக்கவில்லை.

அதே ஆண்டு ஜூனில் தென் கொரியாவின் ஜொன்ஜு நகரில் நடந்தது இன்னும் துலக்கமானது. சன்னல் இல்லாத உணவகம், கூரையில் இரண்டு ஏசி. நோயாளியிடமிருந்து 6.5 மீற்றர் தள்ளி உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, இருவரும் சேர்ந்திருந்த ஐந்தே நிமிடத்தில் தொற்றியது. 4.8 மீற்றர் தள்ளியிருந்த இன்னொருவருக்கும் தொற்றியது. அவர்களைவிடக் கிட்ட இருந்தும், ஏசி வீசிய திசையில் இல்லாதவர்கள் தப்பினார்கள். நமது நாட்டில் 2020 ஒக்டோபர் 15ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, முகக்கவசத்தையும் ஒரு மீற்றர் இடைவெளியையும் கட்டாயமாக்கியது. மீறினால் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை. அந்த ஒரு மீற்றர் குவாங்சோ மேசைகளுக்கும் இருந்தது. ஜொன்ஜுவில் ஆறரை மீற்றரும் போதவில்லை. விதி எழுதியவர்களை இதற்காகக் குற்றம் சொல்வது முறையாகாது. நோய் காற்றில் பரவுவதல்ல என்று 2020 மார்ச்சில் உலகச் சுகாதார நிறுவனமே பகிரங்கமாகச் சொல்லியிருந்தது. யூலையில் 239 விஞ்ஞானிகள் ஒன்றுசேர்ந்து காற்றுவழிப் பரவலைக் கணக்கில் எடுங்கள் என்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. 2021 மார்ச்சில்தான் அந்த நிறுவனம் பொதுக் கட்டடங்களுக்கு ஓர் அளவைச் சொன்னது: ஆளுக்குச் செக்கனுக்குப் பத்து லீற்றர் புதுக் காற்று. குவாங்சோவில் இருந்ததைப்போல் பத்து மடங்கு.

இந்தப் பத்து லீற்றரை ஒரு சாதாரணக் கடைக்குள் கொண்டுவந்து பார்ப்போம். இருபதடி நீளம், பதினைந்தடி அகலம், பத்தடி உயரம். கொள்ளும் காற்று சுமார் 85 கன மீற்றர். இருபது பேர் உட்கார்ந்தால் செக்கனுக்கு 200 லீற்றர் வேண்டும், அதாவது மணிக்கு 720 கன மீற்றர். கடைக்குள் இருக்கும் காற்று முழுவதும் மணிக்கு எட்டுத் தடவைக்குமேல் மாற வேண்டும் என்று அர்த்தம். இப்போது அந்தக் கடைக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, சன்னலை அடைத்து, நம் ஊரில் விற்கும் சுவர் ஏசியைப் பூட்டினால் என்ன ஆகும்? அந்த ஏசி வெளியிலிருந்து ஒரு துளி காற்றையும் எடுப்பதில்லை. உள்ளே இருப்பதையே இழுத்துக் குளிராக்கி உள்ளேயே விடுகிறது. கதவு திறந்து மூடும்போது வருவதையும் இடுக்கு வழியே கசிவதையும் சேர்த்து மணிக்கு ஒரு தடவை காற்று மாறுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், செக்கனுக்கு 24 லீற்றர். இரண்டு பேருக்குத்தான் போதும். அதே கடையில் எதிரெதிர் இரண்டு பக்கமும் இடுப்பளவு குறைச்சுவர் வைத்து, அதற்குமேல் பத்தடிக்கு மூன்றடி திறந்துவிட்டால், செக்கனுக்கு அரை மீற்றர் வேகத்தில் வரும் இளங்காற்றில் பாதி வீணானாலும் ஏறத்தாழ 700 லீற்றர் உள்ளே வந்துபோகும். இருபது பேருக்கு ஆளுக்கு 35. ஒரே நிலம், ஒரே மேசை, ஒரே இடைவெளி. ஒன்றில் இரண்டு பேர், மற்றதில் இருபது பேரையும் தாண்டி இடம் மிஞ்சுகிறது. இருக்கைகளில் இத்தனை வீதம் என்று விதி போடுவதில் உள்ள ஓட்டை இதுதான். மூடிய மண்டபத்தில் பாதி இருக்கை என்பதும் ஆபத்து. திறந்த கொட்டிலில் பாதி இருக்கை என்பது காரணமில்லாத நட்டம். 2020 ஜூன் 8ஆம் திகதி தமிழ்நாட்டில் உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட அனுமதித்தபோது பாதி இருக்கை என்ற விதியோடு, ஏசி இருந்தாலும் போடக்கூடாது என்ற விதியும் சேர்ந்து வந்தது. அந்த இரண்டாவது விதிதான் பெறுமதியானது. ஆனால் ஏசியை நிறுத்திவிட்டுச் சன்னலைத் திறக்க வழியில்லாத கடை, புழுக்கத்தோடு பழைய ஆபத்தையும் வைத்துக்கொண்டிருக்கும்.

திரியாய்ப் பக்கத்து வீதியோரக் கடைகளின் பழைய அமைப்பைப் பார்த்தால், நிபுணர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது அதில் ஏற்கெனவே இருக்கிறது. குறைச்சுவர், அதற்குமேல் வெளி அல்லது மரச்சட்டம், கிடுகு அல்லது தகரக் கூரை, முன்னால் இறக்கிய பத்தி, பின்னால் தனியாக அடுப்படி. கடல் ஒரு பக்கம், வயலும் குளமும் மறுபக்கம். காற்றுக்குப் பஞ்சமில்லை. 1985இன் வன்முறையில் இடம்பெயர்ந்து, பல ஆண்டுகள் கழித்து மீளக் குடியேறிய ஊர் அது. கையிலிருந்த முதலுக்கு ஏற்பக் கட்டியதால் கடைகள் இப்படி இருக்கின்றன என்று சொல்லலாம். அதனாலேயே இந்த அமைப்பை வறுமையின் அடையாளமாக எண்ணுகிறோம். கொஞ்சம் காசு சேர்ந்தவுடன் செய்கிற முதல் வேலை சுவரைக் கூரைவரை எழுப்பி, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி பூட்டி, வெளியே அதை ஒரு பலகையில் எழுதி வைப்பது. திரியாயிலுள்ள பௌத்த தலமான கிரிஹண்டு சேயவைத் தரிசிக்க வரும் யாத்திரிகர்களும், நிலாவெளிக்கும் புறாமலைக்கும் வரும் உல்லாசப் பயணிகளும் அப்படிப்பட்ட கடையைத்தான் தேடுவார்கள் என்ற எண்ணம். நகரத்து மண்டபம் திறந்த கொட்டிலிடம் படிக்க வேண்டிய காலத்தில், கொட்டில் மண்டபத்தைப் பார்த்து மூடிக்கொள்கிறது.

இன்னொன்றும் நமது கடைகளுக்கே உரியது: சத்தம். மாலையானால் இரும்புத் தட்டில் கொத்துரொட்டி கொத்தும் ஓசை வீதிவரை கேட்கும். உள்ளே தொலைக்காட்சி அதற்குமேல் ஒலிக்கும். மேசையில் இருப்பவர்கள் இரண்டையும் மீறிக் கத்திப் பேசுவார்கள். கலிபோர்னியாவில் செய்யப்பட்டு 2019இல் வெளியான ஆய்வு ஒன்று, குரல் உயர உயர வாயிலிருந்து வெளிவரும் நுண்துளிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது என்று காட்டியது. சாப்பிடும்போது முகக்கவசம் போட முடியாது. எல்லாரும் வாயைத் திறந்தபடி முகத்துக்கு முகம் பார்த்து அரைமணி நேரம் உட்காரும் இடம் ஊரில் உணவகத்தைத் தவிர அதிகமில்லை. யப்பானில் பேசாமல் சாப்பிடுங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். நம்மிடம் அது எடுபடாது. கொத்துத் தட்டை வாசலுக்கு வெளியே பத்தியில் வைப்பதும், தொலைக்காட்சியின் ஒலியைக் குறைப்பதும் எடுபடும். செலவும் இல்லை.

எதிர்வாதங்களுக்கு வருவோம். நமது நாட்டில் பெரிய கொத்தணிகள் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும்தானே கண்டுபிடிக்கப்பட்டன, உணவகத்தால் எங்கே பரவியது என்று கேட்கலாம். தொழிற்சாலைக்கு வரவுப் பதிவேடு இருக்கிறது, சந்தை வியாபாரிகள் ஒருவரையொருவர் அறிவார்கள். அதனால் அங்கே சங்கிலியைப் பிடிக்க முடிந்தது. சோறு சாப்பிட்டுவிட்டு ஒருவர் மூதூருக்கும் ஒருவர் அநுராதபுரத்துக்கும் போய்விட்டால் எந்தக் கொப்பியை வைத்துப் பிடிப்பது? அமெரிக்காவில் 2020 செப்டெம்பரில் வெளியான ஓர் ஆய்வு 314 பேரை ஒப்பிட்டது. தொற்று உறுதியானவர்கள், முந்தைய இரண்டு வாரத்தில் உணவகத்தில் சாப்பிட்டதாகச் சொன்ன வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. உள்ளே சாப்பிட்டார்களா, வெளியே சாப்பிட்டார்களா என்று அந்த ஆய்வு பிரித்துக் கேட்கவில்லை. அது அதன் குறை. ஆனால் குவாங்சோவையும் ஜொன்ஜுவையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் திசை தெளிவாக இருக்கிறது.

அப்படியானால் சவர்க்காரம் வேண்டாமா? வேண்டும், வேறு காரணத்துக்காக. வயிற்றோட்டமும் நெருப்புக்காய்ச்சலும் மஞ்சட்காமாலையும் கையாலும் தண்ணீராலும் வருபவை. நமது தேநீர்க் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. வடையும் ரோல்ஸும் அடுக்கிய தட்டு ஒன்று கேட்காமலே மேசைக்கு வரும். இரண்டைத் தின்றுவிட்டு எழுந்தால், தின்றதற்குத்தான் காசு; மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். அதற்குள் நாலு கை அதைத் தொட்டுத் திருப்பிப் பார்த்திருக்கும். அந்தத் தட்டு கொரோனாவோடு ஒழிந்திருந்தால் மகிழ்ச்சியே. ஆனால் மேசையைத் துடைத்ததால் கொரோனாவைத் தடுத்துவிட்டோம் என்ற நினைப்புத்தான் கேடு. மாசுபட்ட பரப்பை ஒரு முறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் மதிப்பிட்டது. நெற்றி வெப்பமானியும் அப்படித்தான். இந்த நோய் காய்ச்சல் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும்.

வலுவான எதிர்ப்பு பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களிடமிருந்தே வரக்கூடும். திறந்து வைத்தால் ஈயும் தூசியும் வரும், நுளம்பு வரும் என்பார்கள். 2017இல் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டைத் திருகோணமலை மாவட்டம் மறக்கவில்லை. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஈக்கும் தூசிக்கும் மூட வேண்டியது சாப்பாட்டைத்தான். கண்ணாடி அலுமாரி அதற்காகவே இருக்கிறது. நுளம்புக்குத் திறப்பில் வலை அடிக்கலாம். வலை காற்றைப் பாதியாகக் குறைத்தாலும், மேலே போட்ட கணக்கின்படி ஆளுக்கு 17 லீற்றர் மிஞ்சும். மழைக்கு என்ன செய்வது என்றால், நமக்குப் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. சாரல் அடிக்கிற பக்கத்துக்குத் தறப்பாளை இறக்கிவிட்டு, எதிர்ப்பக்கத்தையும் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் திறந்து வைக்கலாம். கூரையின் இறப்பை இன்னும் இரண்டடி நீட்டினால் தறப்பாளும் பெரும்பாலும் தேவைப்படாது. வாடைக்காலத்தில் யாருக்கும் ஏசி வேண்டியதுமில்லை. உண்மையான சிக்கல் கச்சான் காற்று வீசும் மாதங்கள். நெருப்பாக வீசும் அந்தக் காற்றை உள்ளே விடச் சொல்வது, சொல்கிறவருக்கு எளிது. இதற்கு முழுமையான விடை கிடையாது. கொதிப்பதில் பெரும்பங்கு தகரமும் அஸ்பெஸ்டஸ் சீற்றும் கீழே இறக்கும் வெப்பம் என்பதால், அவற்றுக்கு அடியில் கிடுகு பரப்புவதும், முற்றத்தில் வேம்போ பூவரசோ வைப்பதும் பெருமளவு தணிக்கும். மீதி வெக்கையைத் தாங்க முடியாதவர்களுக்கு ஏசி அறை இருக்கட்டும், புதுக் காற்றை உள்ளே இழுக்கும் வழியோடு.

அதற்கு ஆகும் செலவும் சிலர் நினைக்கிற அளவு இல்லை. பன்னிரண்டு அங்குல வெளியேற்றும் விசிறி ஒன்று மணிக்குச் சுமார் ஆயிரம் கன மீற்றர் காற்றைத் தள்ளும். எடுக்கும் மின்சாரம் ஒரு பழைய குண்டு பல்பின் அளவுதான். எதிர்ச் சுவரில் காற்று உள்ளே வர ஒரு வழி விட்டால் இருபது பேருக்கு அது போதும். கூரை விசிறி இதைச் செய்யாது. அது இருக்கும் காற்றைக் கலக்குமே தவிர, புதிதாகக் கொண்டுவராது. மேசைக்கு மேசை வீசும் நிலைவிசிறியோ ஜொன்ஜுவின் ஏசி செய்த வேலையைத்தான் செய்யும். அதை வாசல் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். ஆனால் எந்தப் பாதுகாப்பையும் மின்சாரத்தின் தலையில் மட்டும் கட்டிவைக்கக்கூடாது என்பதை 2022 நமக்குக் காட்டியது. அந்த மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. சமையல் எரிவாயு இல்லை, டீசல் இல்லை. கண்ணாடி அடைத்த கடைக்காரர் கதவைக் கழற்றி வைக்க வேண்டியிருந்த நாட்களில், குறைச்சுவர்க் கடைக்காரர் விறகடுப்பை மூட்டிக்கொண்டு வியாபாரம் பார்க்க முடிந்தது.

எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பார்சல் மட்டும் கொடுத்தால் இந்தப் பேச்சே வேண்டாமே என்பது கடைசி வாதம். 2020 மார்ச் 20 மாலை தொடங்கிய ஊரடங்கும், 2021 ஓகஸ்ட் 20 இரவிலிருந்து ஒக்டோபர் 1 வரை நீடித்த முடக்கமும் அந்த வழியைச் சோதித்துப் பார்த்தவைதான். சில வாரங்களுக்கு அது தேவை. இரண்டு ஆண்டுக்கு முடியாது. ஓட்டுநரும் கடற்றொழிலாளியும் வயல்வேலைக்கு வந்த கூலியாளும் பார்சலை எங்கே உட்கார்ந்து பிரிப்பது? தடுப்பூசி வரும்தானே என்றால், உள்ளூரில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 2020 மார்ச்சில், முதல் ஊசி போடப்பட்டது 2021 ஜனவரி 29. இடையில் பத்து மாதத்துக்கு மேல். அடுத்த நோய்க்கும் அப்படி ஓர் இடைவெளி இருக்கும். அந்தக் காலத்தைக் கடக்க, கட்டடம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். கூடவே ஊழியருக்குச் சம்பளத்தோடு ஓய்வும் வேண்டும். நாட்கூலிக்குப் பரிமாறுகிறவர் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்கு வந்தால் எந்தக் காற்றும் முழுதாகக் காப்பாற்றாது.

அளப்பது எப்படி என்பது மட்டும் மிச்சம். மனிதர் விடும் மூச்சில் காபனீரொட்சைட்டு அதிகம். வெளிக் காற்றில் பத்து இலட்சத்துக்குச் சுமார் 420 பங்கு இருக்கிறது. ஆள் நிறைந்த அறையில் அது ஏறிக்கொண்டே போனால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று பொருள். பெல்ஜியம் 2021இல் உணவகங்களில் இதற்கான கருவியைக் கட்டாயமாக்கி, 900 பங்கை இலக்காகவும் 1200ஐ எல்லையாகவும் வைத்தது. திரியாயில் ஒவ்வொரு கடைக்கும் கருவி வாங்கச் சொல்ல வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு ஒன்று இருந்தால், பரிசோதகர் அதைக் கையோடு கொண்டுபோய்ச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் நடுவில் வைத்துப் பார்க்கலாம். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது. எரியும் விறகும் எரிவாயுவும் இதே வாயுவை விடுவதால் கணக்குப் பிழைக்கும். கடைக்காரர் தானே பார்த்துக்கொள்ள இன்னும் எளிய வழி இருக்கிறது. காலையில் காசு மேசையில் சாமிப் படத்துக்குக் கொளுத்தும் ஊதுபத்தியையோ, முஸ்லிம் கடைகளில் காட்டும் சாம்பிராணியையோ ஒருநாள் கடையின் நடு மேசையில் வைத்துப் பார்க்கட்டும். புகை ஒரு பக்கமாக இழுபட்டு வெளியே போனால் நல்லது. மேலே எழும்பி அங்கேயே சுற்றினால் அந்த மேசைக்கு அருகே ஒரு திறப்புத் தேவை.

2023 மே 5ஆம் திகதி உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா அவசரநிலையை முடித்துவைத்துவிட்டது. இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, காசநோய் இந்த நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு வருகிறது, அதுவும் காற்றில்தான் பரவுகிறது என்பதை நினைவூட்டலாம். இலங்கையில் கொரோனாவால் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். ஆகவே திரியாய் அடங்கும் குச்சவெளி பிரதேச சபையிடம் கேட்பது இவ்வளவுதான்: உணவகங்களுக்கு ஆண்டுதோறும் வியாபார அனுமதிப்பத்திரம் கொடுக்கும்போது, எதிரெதிர் திறப்பு எத்தனை சதுர அடி, ஏசி இருந்தால் புதுக் காற்றுக்கு வழி என்ன, சாப்பாட்டு நேரத்துக் காபனீரொட்சைட்டு அளவு என்ன என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். திறந்த அமைப்பைக் காப்பாற்றி வைத்திருக்கும் கடைக்குக் கட்டணத்தில் சலுகை கொடுங்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அதன் கதிரைகளைக் குறைக்கச் சொல்லாதீர்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் கீழ் உணவகங்களுக்கு உபவிதி ஆக்கும் அதிகாரம் சபைக்கு ஏற்கெனவே இருக்கிறது.